தேனீ எத்தனை மணிக்கு வரும்?

கொள்ளேகால் என்றால் பட்டு. 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பில் மைசூரு மாவட்டத்துக்குப் போய், 1997இல் சாமராசநகர் மாவட்டத்தில் சேர்ந்த ஊர் இது. மாவட்டம் எத்தனை முறை மாறினாலும் தறியும் மல்பெரித் தோட்டமும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு பூச்சியின் வேளையை அனுசரித்தே பல குடும்பங்களின் நாள் இங்கே நடக்கிறது. பட்டுப்புழுவுக்கு அந்த வேளையைக் குறிப்பவர் வளர்ப்பவர்தான். வெயில் ஏறுமுன் தழை பறித்து, வாடாமல் ஈரச் சாக்கில் மூடி வைத்து, அவர் தட்டில் போடும் நேரத்தில்தான் புழு தின்னும். அதே தோட்டத்து வரப்பில் பூசணிக்கும் துளசிக்கும் வந்து போகிற தேனீக்கு வேளை குறிப்பது யார்? தோட்டக்கலைப் புத்தகங்களைப் பார்த்தால் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: வெயில் அடிக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், இதமான சூடு வேண்டும், அப்போது தேனீ வரும். இந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் இது குளிர்நாட்டில் எழுதப்பட்ட பதில். கொள்ளேகாலிலும், அதைப் போலவே சத்தியமங்கலத்திலும் தருமபுரியிலும், வீட்டுக் கொல்லையில் நிற்பவருக்கு இது பாதி விஷயத்தைத்தான் சொல்லும்.

குளிர்நாட்டுப் புத்தகம் ஏன் வெப்பத்தை முன்னிறுத்துகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மீதிப் பாதி தெரியவரும். தேனீயின் இறக்கையை அசைக்கும் தசைகள் மார்புப் பகுதியில் இருக்கின்றன. அவை ஏறத்தாழ 30 டிகிரி சூட்டில் இருந்தால்தான் அது நன்றாகப் பறக்க முடியும். காலையில் கூட்டைவிட்டுக் கிளம்புமுன் தேனீ இறக்கையை விரிக்காமலே அந்தத் தசைகளை நடுக்கிச் சூடேற்றிக்கொள்கிறது. வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருந்தால் அந்தச் சூடு வழியிலேயே போய்விடும். பூவில் இறங்கிய தேனீ திரும்பி எழ முடியாது. அதனால்தான் ஐரோப்பியத் தேனீ 10 டிகிரிக்குக் கீழே பொதுவாக வெளியே வருவதில்லை. 13 டிகிரியைத் தாண்டினால்தான் போக்குவரத்து சூடுபிடிக்கிறது. இங்கிலாந்தில் ஏப்ரல் மாதக் காலைப்பொழுதில் இந்தக் கணக்கு உயிர்நாடி. கொள்ளேகால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி விடியலில்கூடப் பெரும்பாலான நாள்களில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போவதில்லை. நம் அடுக்குத் தேனீயோ (அங்கே துடுவே என்பார்கள்) ஐரோப்பியத் தேனீயைவிடக் குறைந்த சூட்டிலேயே கிளம்பிவிடும். ஆக, ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் விடிந்ததிலிருந்து அந்திவரை பறப்பதற்குக் குளிர் தடையாக இல்லை. தடை இல்லாவிட்டால் தேனீ நாள் முழுக்கத் தோட்டத்தில் இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. காலை ஏழு மணிக்கு மொய்க்கும் பூசணிக் கொடியில் பதினொரு மணிக்கு ஒன்றுகூட இல்லை. வெப்பத்தை வைத்து இதை விளக்க முடியாது. வானிலை மண்டபக் கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். இலை போட்டுப் பரிமாறுவது பூ.

பூக்கள் ஒவ்வொன்றும் வேளை வைத்துப் பரிமாறுகின்றன. பூசணியும் பரங்கியும் இருள் பிரியும் முன்பே இதழ் விரித்து, முற்பகல் முடிவதற்குள் சுருண்டுவிடும். மறுநாள் அந்தப் பூ திறப்பதில்லை. அந்தச் சில மணி நேரத்தில் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். எள்ளும் விடியலில் பூக்கும். முருங்கைப் பூ விடிவதற்கு முன்பே விரிந்துவிடும். மக்காச்சோளத்தின் ஆண்பூங்கொத்து மகரந்தம் உதிர்ப்பது பெரும்பாலும் காலையில். அதில் தேன் கிடையாது. ஆனாலும் குஞ்சுகளுக்கு மாவுணவு தேடும் தேனீக்கள் காலையில் சோளக்காட்டில் இரையும். குண்டுலுப்பேட்டைப் பக்கம் சாலையோரத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் சூரியகாந்தி வயல்களில், ஒவ்வொரு நாளும் புதிதாக விரியும் சிறு பூ வட்டம் காலையில்தான் மகரந்தத்தை வெளியே தள்ளுகிறது. டேபிள் ரோஸ் என்றும் பத்துமணிப்பூ என்றும் சொல்கிறோமே, அதற்கு நல்ல வெயில் விழுந்தால்தான் திறக்க மனம் வரும். இதற்கு நேர்மாறாகப் பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில் பூத்து இரவெல்லாம் விழித்திருக்கும். ஒரே கொல்லையில் பூசணியும் பீர்க்கும் துளசியும் இருந்தால் அங்கே மூன்று தனித்தனிக் கடிகாரங்கள் ஓடுகின்றன. 'தேனீ நேரம்' என்று ஒற்றை நேரத்தை யாராவது சொன்னால், எந்தப் பூவில் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

பூவின் நேரம் தேனீக்கு எப்படித் தெரியும்? தினமும் தேடிக் கண்டுபிடிக்கிறதா? இல்லை, நினைவில் வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் அகஸ்ட் ஃபோரெல் என்ற மருத்துவர் தன் வீட்டு முற்றத்தில் காலை உணவு உண்ணும்போது ஜாமுக்குத் தேனீக்கள் வருவதைக் கவனித்தார். உணவை உள்ளே மாற்றி, மேசை வெறுமையாக இருந்த நாள்களிலும் அவை அதே நேரத்தில் வந்தன. மற்ற நேரத்தில் வரவில்லை. 1910 வாக்கில் அவர் எழுதிவைத்த இந்தக் குறிப்பைக் கார்ல் வான் ஃபிரிஷின் மாணவி இங்கபோர்க் பெலிங் 1929இல் முறையான சோதனையாக நிறுவினார்: குறிப்பிட்ட மணிக்கு மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பழக்கிய தேனீக்கள், கிண்ணம் காலியாக இருந்த நாளிலும் அந்த மணிக்கே வந்து நின்றன. சூரியனைப் பார்த்து நேரம் அறிகின்றனவோ என்ற ஐயம் மிச்சமிருந்தது. 1955இல் மாக்ஸ் ரென்னர் அதையும் தீர்த்தார். பாரிசில் மூடிய அறையில் பழக்கிய தேனீக்களை விமானத்தில் ஏற்றி நியூயார்க்கில் அதே மாதிரி அறையில் விட்டார். அவை பாரிஸ் நேரப்படியே கிண்ணத்துக்கு வந்தன. கடிகாரம் தேனீயின் உடம்புக்குள் இருக்கிறது. பூசணிப்பூ மூடியபின் அந்தத் தேனீ வேறு பூவுக்கு மாறலாம். பல நேரங்களில் கூட்டுக்குள் போய்ச் சும்மாவும் கிடக்கும். சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதப்படும் இந்தப் பூச்சி, பரிமாறல் இல்லாத நேரத்தில் வெளியே திரிந்து சக்தியை வீணாக்காது. அதன் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

பூ திறந்திருந்தாலும் தேன் எல்லா நேரமும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. விடியலில் காற்றில் ஈரம் அதிகம், பூந்தேன் நீர்த்திருக்கும். வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி இனிப்புக் கூடும். ஓர் அளவுவரை இது தேனீக்கு லாபம். கூட்டுக்குப் போனபின் வற்றவைக்க வேண்டிய நீர் குறைகிறது அல்லவா? ஆனால் சர்க்கரை 60 சதவீதத்தை வெகுவாகத் தாண்டினால் தேன் பாகாக இறுகி, உறிஞ்சுவதே கடினமாகிவிடும். வேம்பு, மா, கொத்தமல்லி போன்ற சிறிய திறந்த பூக்களில் இது விரைவாக நடக்கும். அவற்றில் உச்சிவேளைக்கு முன்பே கூட்டம் கலைந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். துளசியிலும் தும்பையிலும் தேன் சிறு குழாயின் அடியில் நிழலில் இருக்கிறது. அங்கே பிற்பகலிலும் தேனீயைப் பார்க்கலாம். மண்ணின் ஈரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. வேரில் நீர் இல்லாத செடி பூக்கும், தேனைச் சுரப்பதில் சிக்கனம் பிடிக்கும். சித்திரை வெயிலில் வாடி நிற்கும் கொல்லையில் பூ இருந்தும் தேனீ இல்லையே என்று அங்கலாய்ப்பவர்கள், தேனீயைத் தேடுவதற்கு முன் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம்.

இதுவரை 'தேனீ' என்று ஒருமையில் சொல்லிவந்தேன், அதுவும் சரியில்லை. கொள்ளேகால் வட்டாரத்தில் தேன் தரும் தேனீ வகைகள் குறைந்தது நான்கு. ஹெஜ்ஜேனு என்று கன்னடத்தில் சொல்லப்படும் மலைத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் வாழும் அடுக்குத் தேனீ, புதரில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ, சுவர் ஓட்டையில் பிசின் குழாய் வைத்துக் குடியிருக்கும் கொடுக்கில்லாத கொசுத்தேனீ. இவற்றின் நேரத்தை உடலளவு பெரிதும் தீர்மானிக்கிறது. பெரிய உடல் சூட்டைத் தக்கவைக்கும். ஆகவே மலைத்தேனீ வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடும். சிறிய உடலில் சூடு நிற்காது. கொசுத்தேனீ வெயில் நன்றாக விழுந்தபின் வெளியே வந்து, மற்றவை ஒதுங்கும் நண்பகலிலும் வேலை செய்யும். கொம்புத் தேனீயும் ஏறக்குறைய அப்படித்தான். தேன் சேர்க்காத கருவண்டு, அதாவது மரத்தைக் குடைந்து வாழும் தச்சுத் தேனீ, கறுத்துப் பருத்த உடம்புள்ளது. உச்சி வெயிலில் அதற்குச் சூடு மிகுந்துவிடும். விடியலும் அந்தியும்தான் அதன் பொழுது. விடியலுக்கு முன் விரியும் முருங்கைப் பூவுக்கு இந்தக் கருவண்டு மிக முக்கியமான விருந்தாளி. கத்தரியும் தக்காளியும் இன்னொரு வகை. அவற்றின் மகரந்தம் நுனியில் சிறு துளையுள்ள பைக்குள் அடைந்திருக்கிறது. பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரச் செய்தால்தான் கொட்டும். இந்த வித்தை தேன் தரும் தேனீக்களுக்குத் தெரியாது. கருவண்டுக்கும், வயிற்றில் நீலப் பட்டைகள் உள்ள இன்னொரு தனித்தேனீக்கும் தெரியும். கத்தரித் தோட்டத்தில் பெட்டித் தேனீ வரவில்லை என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

இரவுக்கும் ஆள் உண்டு. மலைத்தேனீ நிலா வெளிச்சத்தில் பூ தேடிப் பறப்பதை இந்திய ஆய்வாளர்கள் 1960களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதையும் மிஞ்சுவது ஒரு தச்சுத் தேனீ. தரங்கம்பாடியின் பழைய ஐரோப்பியப் பெயரான டிராங்கபார் என்பதை ஒட்டி சைலோகோப்பா டிராங்கபாரிக்கா என்று பெயர் பெற்ற அது, நிலா இல்லாத இரவிலும் பறக்கிறது. நட்சத்திர வெளிச்சத்தில் நிறத்தைப் பிரித்தறிகிறது. மகாராட்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதனும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 2008இல் இதை உலகுக்குச் சொன்னது. இருட்டில் தேனீ பறக்காது என்று நாம் உறுதியாக நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஒரு இனத்தைப் பார்த்து எல்லா இனத்துக்கும் எழுதிய தீர்ப்பு.

நாள் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு வந்தால் பூவின் அதிகாரம் இன்னும் தெளிவாகத் தெரியும். கொள்ளேகாலுக்குத் தெற்கே பிளிகிரிரங்கன் மலை. அங்கே காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. அம்மலைப் பழங்குடியினரான சோளிகர்களும் காப்பி பயிரிடுகிறார்கள். மாசி, பங்குனியில் விழும் முதல் நல்ல மழைக்காகக் காப்பி மொட்டுகள் உறங்கிக் காத்திருக்கும். மழை பெய்து ஏறத்தாழ ஒன்பது, பத்து நாளில் மலைச்சரிவு முழுவதும் ஒரே விடியலில் வெளுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நாள்களில் மலைத்தேனீ அங்கே திரள்கிறது. குடகுக் காப்பித் தோட்டங்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, ஒருசேரப் பெரும் பரப்பில் பூக்கும் தோட்டங்களையே மலைத்தேனீ நாடுகிறது என்று காட்டியது. முதல் நாளும் மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் அதே வெப்பம், அதே வெயில். வந்ததும் போனதும் பூவை ஒட்டி. ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் மலைத்தேனீ தங்குவதும் இல்லை. காடு பூக்கும் காலத்தில் உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் வந்து அடை கட்டும். பூ ஓய்ந்ததும் கூட்டம் கூட்டமாக இடம்பெயரும். மே, ஜூன் மாதங்களில் சோளிகர் தேன் எடுப்பதும் இந்தக் கணக்கில்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துத் தேனீ வளர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அவர்கள் எதிர்பார்த்திருப்பது பூவைக்கூட அல்ல. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனியில் இளந்தளிரின் காம்பில் சுரக்கும் இனிப்பை. பெட்டிகளை எப்போது எங்கே வைப்பது என்பதை ரப்பர்த் தளிர் சொல்கிறது.

வானிலையை இப்படி ஒரேயடியாக ஒதுக்கலாமா, மழையில் தேனீ பறக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வியே. மழையில் பறக்காது, தூறல் விழும்போதே திரும்பிவிடும். ஆடிக் காற்று மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் போக்குவரத்து மெலியும், 40ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். சாமராசநகர்ச் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் இது கொஞ்சநஞ்சமான தடையல்ல. மழைக்காலம் நீண்டால் கூட்டில் இருப்பைத் தின்றுதான் தேனீ பிழைக்க வேண்டும். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் கவனியுங்கள்: மழையும் காற்றும் தேனீயை நிறுத்துகின்றன, அவை நின்றால் மட்டும் தேனீ வந்துவிடுவதில்லை. கதவு மூடியிருந்தால் பந்தி இல்லை என்பது உண்மை. கதவு திறந்திருந்தாலே பந்தி நடக்கிறது என்பது உண்மையாகாது. குளிர்நாட்டில் கதவு பெரும்பாலும் மூடியிருப்பதால் அவர்கள் கதவைப் பற்றி எழுதினார்கள். நம் ஊரில் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது. ஆகவே நாம் பூவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

வெப்பத்தின் மறுமுனையைக் காட்டியும் ஒரு மறுப்பு சொல்லலாம். குளிர் தடுக்காவிட்டாலும் சித்திரை வெயில் தடுக்கத்தானே செய்கிறது? ஓரளவு ஆம். ஆனால் அந்த உச்சிவேளையில் தேனீ வெளியே வராமல் இல்லை. குழாயடியிலும் வாய்க்கால் கரையிலும் ஈரமண்ணிலும் பாருங்கள், அங்கே இருக்கும். குஞ்சுகள் வளரும் அடையை 34, 35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அதை வெகுவாகத் தாண்டினால் குஞ்சு சாகும். ஆகவே வேலைக்காரத் தேனீக்கள் தண்ணீர் கொண்டுவந்து அடையில் பூசி, இறக்கையால் விசிறி ஆவியாக்கிக் குளிரவைக்கின்றன. 36 டிகிரி வெயிலில் பறக்க முடிந்த தேனீ பூவுக்கு வரவில்லை என்றால் பூவில் அப்போது அதற்கு வேலை இல்லை. கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்தால், நிற்க இடம் கிடைத்து மூழ்காமல் குடிக்கும்.

இந்த நேரக் கணக்கெல்லாம் வெறும் அறிவுப்பசிக்கு என்றால் இவ்வளவு நீட்டிப் பேச வேண்டியதில்லை. மருந்து தெளிக்கும் இடத்தில் இது உயிர்ப் பிரச்சினை. தேனீயைக் காப்பாற்ற மாலையில் மருந்தடியுங்கள் என்பது வேளாண் அலுவலர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. சூரியகாந்திக்கும் எள்ளுக்கும் இது நல்ல அறிவுரையே. காலையில் வந்த கூட்டம் மாலைக்குள் கலைந்திருக்கும், விரைவில் சிதையும் மருந்தாக இருந்தால் இரவில் அதன் வீரியமும் குறையும். ஆனால் பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையில்தான் திறக்கின்றன. அந்தப் பந்தலில் ஐந்தரை மணிக்கு மருந்தடித்தால், அந்தியில் வரும் கருவண்டும், இரவில் வரும் அந்துப்பூச்சியும், மறுநாள் விடியலில் எஞ்சிய தேனுக்கு வரும் தேனீயும் அதில் விழும். பந்தல் காய்களுக்கு மருந்து தவிர்க்க முடியாவிட்டால், முந்தைய இரவின் பூ வாடி, அன்றைய பூ விரியாத முற்பகலே பொருத்தம். அப்போதும் பக்கத்துப் பூசணி மூடிவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற, செடிக்குள் ஊடுருவும் மருந்துகளுக்கு எந்த நேரமும் நல்ல நேரம் கிடையாது. அவை சாற்றோடு ஏறிப் பல நாள் கழித்து விரியும் பூவின் தேனிலும் மகரந்தத்திலும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் அதையும் அதன் உறவுக்கார மருந்துகள் இரண்டையும் திறந்த வயலில் பயன்படுத்த 2018இல் தடை விதித்ததற்கு இதுவே காரணம்.

இவ்வளவு கணக்குப் பார்த்து விவசாயம் செய்ய முடியுமா என்ற சலிப்புக்குக் கொள்ளேகாலிலேயே பதில் இருக்கிறது. மல்பெரிக்கு எந்த மருந்தடித்தால் எத்தனை நாள் கழித்துத் தழை பறிக்கலாம் என்பது அங்குள்ள பட்டு விவசாயிக்கு மனப்பாடம். பக்கத்துக் காட்டில் தெளித்த மருந்து காற்றில் வந்தால் புழு சாகும் என்று தெரிந்து சண்டைக்கும் போவார். புகையிலைப் பயிரின் அருகில் மல்பெரி வைக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு பூச்சிக்காக நாளும் மணியும் பார்த்துப் பழகிய ஊர் இன்னொரு பூச்சிக்கும் பார்க்கலாம். பார்க்க வேண்டிய கடமையும் அங்கே கூடுதல். ஏனென்றால் மல்பெரி காற்றால் மகரந்தம் பரப்பும் செடி, அதிலும் பூக்க விடாமல் அடிக்கடி வெட்டப்படுகிறது. கண்ணுக்கெட்டியவரை பச்சையாகத் தெரியும் மல்பெரித் தோட்டத்தில் தேனீக்கு ஒரு வாய் சோறு கிடையாது. கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்கு மேல் போகாது; அடுக்குத் தேனீயும் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் மேயும். வரப்பில் துளசியும் தும்பையும், வேலியோரம் முருங்கையும் புங்கனும், வீட்டுப் பின்னால் பூசணியும் பீர்க்கும் இருந்தால் விடியலிலிருந்து இரவுவரை ஏதாவது ஒரு பூ திறந்திருக்கும். தோட்டக்கலைத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மருந்துப் பரிந்துரைத் துண்டறிக்கையில் எல்லாப் பயிருக்கும் பொதுவாக 'மாலை நேரம்' என்று அச்சிடுவதை நிறுத்தி, அந்தந்தப் பயிரின் பூ எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதை ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள்.